அண்ணன் இந்தியன், தம்பி யார்?

2025-ல் மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் வளாகத் தேர்வுக்கு வந்த ஒரு கம்பெனிக்காரர், "பாஸ்போர்ட் இல்லாதவங்க இப்பவே அப்ளை பண்ணிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களெல்லாம் மார்க் ஷீட்டும் கையுமாக ஓடினோம். என் பெஞ்சுத் தோழன் மட்டும் அசையவில்லை. "எனக்குத் தரமாட்டாங்கடா" என்றான்.

அவன் வீடு இலங்கைத் தமிழர் முகாமில். அம்மா இந்த ஊர்க்காரர். அப்பா 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது, பத்து வயதில் தாய் தகப்பனோடு படகேறி வந்தவர். அண்ணன் 2004 ஆகஸ்டில் பிறந்தான், இவன் 2007-ல். இருவருக்கும் ஒரே அரசு ஆஸ்பத்திரி. அண்ணன் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது! இதென்ன கூத்து என்றுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

1955 குடியுரிமைச் சட்டத்திலும் நம் அட்மிஷன் மாதிரி கட்-ஆஃப் உண்டு. மார்க்குக்குப் பதில் தேதி. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் யாரானாலும் இந்தியர்தான். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதை வைத்துத்தான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அந்த தேதிக்குப் பின் பிறந்தால் தாயோ தந்தையோ ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அண்ணன் தப்பித்தது இதில்தான். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு முடிச்சு: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்குச் சட்டம் வைத்த பெயர் அது. குண்டுக்குப் பயந்து படகில் ஏறிய பத்து வயசுப் பையன் எந்த ஆபீசில் போய்ப் பாஸ்போர்ட் வாங்குவான்?

சரி, மனுப் போட்டுக் குடியுரிமை வாங்கலாமே என்று நானும் கேட்டேன். வெளிநாட்டவர் ஒருவர் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் மனுச் செய்யலாம். ஆனால் சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டம் இருந்தால் முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தும் கணக்கில் வராது. 2019 திருத்தம் அந்தப் பட்டத்தைச் சிலருக்கு நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தினருக்கு. 2024 மார்ச்சில் அதற்கு விதிகளும் வந்தன. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அடுத்து 2025. வெள்ளைக்காரன் காலத்து 1946 வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். படித்ததும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. நல்லவேளையாக அதோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது. பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் குடியுரிமைச் சட்டம் வேறு. அதில் ஒரு வரியும் மாறவில்லை.

புராஜெக்ட் வேலையாக ஒர்க்‌ஷாப்பில் நின்றபோது அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"அப்போ பாஸ்போர்ட்?"

"அது இல்லடா."

"அப்பாவை உள்ளே தூக்கிப் போட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"சாயங்காலம் வீட்டுக்கு வா. நீயே அவர்கிட்ட சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டார்" என்று சொல்லிவிட்டு லேத்தை ஆன் செய்தான்.