ஊக்கம் என்னும் கடன்

கதை எழுதுவோர், ஓவியம் வரைவோர், இசை அமைப்போர் யாவரும் என்றேனும் ஒரு நாள், "யாருக்காக இந்த உழைப்பு?" என்று சோர்ந்து அமர்வதுண்டு. அவ்வாறு சோர்ந்த கத்தோலிக்க எழுத்தாளர் ஒருவரையும், அவரை மீண்டும் எழுதவைத்த உடன்பணியாளரையும் இங்கு நினைவுகூர விழைகிறோம்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1892-ல் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையையும், பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். பர்மிங்காம் நகரக் குருவானவர் ஒருவரே பாதுகாவலராயிருந்து அவரை வளர்த்தார். முதல் உலகப் போரோ அவருடைய நெருங்கிய நண்பர்களைப் பறித்துக்கொண்டது. 1925-ல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். நான்கு பிள்ளைகளின் தந்தைக்கு வருவாய் போதவில்லை. கோடை விடுமுறையிலும் தேர்வுத்தாள்களைத் திருத்தினார். எஞ்சிய இரவுகளில் எழுதிய கதைகளும் கவிதைகளும் தமக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கு என்றே எண்ணியிருந்தார்.

1926-ல் ஆசிரியர் கூட்டமொன்றில் சி. எஸ். லூயிஸ் என்னும் இளம் ஆசிரியரைச் சந்தித்தார். நட்பு வளர்ந்தது. 1929-ல் தாம் எழுதிவந்த நெடுங்கவிதையைத் தயக்கத்தோடு அவரிடம் கொடுத்தார். லூயிஸ் ஆர்வத்தோடு படித்து, மனமாரப் பாராட்டினார். பின்னர் குறைகளையும் வரிவரியாக எழுதித் தந்தார்.

1937 இறுதியில் டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதையைத் தொடங்கினார். போர்க்காலப் பணிகளும் கல்லூரிப் பொறுப்புகளும் அழுத்தவே, 1943-ல் அது ஏறக்குறைய நின்றே போயிற்று. 1944 மார்ச்சில் லூயிஸ், கதையை முடிக்கும்படி விடாது வற்புறுத்தினார். டோல்கீன் மீண்டும் பேனாவை எடுத்தார். எழுதிய அத்தியாயங்களைப் படித்துக் காட்டியபோது லூயிஸ் கண்கலங்கினார். கதை 1949-ல் நிறைவுற்று, 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

இந்நட்பில் லூயிசும் பெற்றுக்கொண்டார். இறைவனை நம்பத் தொடங்கியிருந்தும் கிறிஸ்துவை ஏற்கத் தயங்கிய அவரோடு, 1931 செப்டம்பரில் ஓர் இரவு, டோல்கீனும் மற்றொரு நண்பரும் நெடுநேரம் உரையாடினர். சில நாட்களில் லூயிஸ் கிறிஸ்துவை விசுவசித்தார். ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேராமல் ஆங்கிலிக்கன் சபையிலேயே நிலைத்தார். இது டோல்கீனுக்கு வருத்தமே.

பிற்காலத்தில் இருவரிடையே இடைவெளி வளர்ந்தது. எனினும் 1961-ல் லூயிஸ், இலக்கிய நோபல் பரிசுக்கு டோல்கீனின் பெயரைப் பரிந்துரைத்தார். 1963 நவம்பரில் லூயிஸ் மறைந்தபோது, டோல்கீன் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்து, முதிய வயதிலும் தாமே பீடப்பணி புரிந்தார். தாம் லூயிசுக்குப் பட்ட கடன் அவர் காட்டிய ஊக்கமே என்றும், அவர் இல்லையேல் தம் பெருங்கதை முடிந்திராது என்றும் பின்னர் எழுதினார்.

நம்மோடு பணிபுரிவோருள்ளும், எழுதியதை மேசைக்குள் பூட்டிவைத்திருப்பவர் இருக்கலாம். "எழுதியதைக் காட்டுங்கள், படிக்கிறேன்" என்று நாம் கேட்டதுண்டா? படித்தபின் நிறையையும் குறையையும் அன்போடு எடுத்துச் சொன்னதுண்டா? பொருட்செலவில்லாத இந்த அன்புப் பணியை நாளையே தொடங்குவோமாக.