கருவில் ஏற வேண்டிய சாயம் விளிம்பில் ஏறினால்

அறுவை சிகிச்சையில் எடுத்த தைராய்டுக் கட்டி ஃபார்மலினில் ஊறி, மெழுகுக்குள் உறைந்து, நாலைந்து மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு மைக்ரோஸ்கோப்புக்கு வரும். நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேறிய அந்தச் சீவலைப் பார்த்தே பேத்தாலஜி மருத்துவர் பெரும்பாலான கட்டிகளுக்குப் பெயர் சொல்லிவிடுவார். ஜாடை ஒத்த கட்டிகள்தான் படுத்தும்.

தைராய்டு புற்றுநோய்களில் அதிகம் வருவது பாப்பில்லரி. அதன் செல்கருவில் காப்பிக்கொட்டை போல நீளக் கோடு இருக்கும். சிலவற்றில் குமிழும் தெரியும். இதே கோடும் குமிழும் ஹையலினைசிங் டிரபெக்குலர் என்ற அரிய கட்டியிலும் உண்டு. 1987-இல் கார்னியும் சகாக்களும் தனியாகப் பிரித்துக் காட்டிய இது, அநேகமாகச் சாதுவானது. ஊசியில் உறிஞ்சிய செல்களை மட்டும் நம்பி பாப்பில்லரி என்று எழுதிவிட்டால், முழுச் சுரப்பியும் போய் ஆயுளுக்கும் மாத்திரை என்றாகலாம்.

இங்கேதான் ஆன்டிபாடி உதவுகிறது. தனக்குரிய புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் படியும். கேஐ-67 என்பது செல் பெருகும்போது கருவில் தோன்றும் புரதம். அதற்கான எம்ஐபி-1 ஆன்டிபாடியைப் போட்டால் கருதான் பழுப்பாக வேண்டும். ஆனால் டிரபெக்குலர் கட்டியில் செல்லின் விளிம்பு பழுப்பாகிறது! கரு வெளுத்திருக்க, ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்த மாதிரி. அதுவும் அறை வெப்பத்தில் செய்தால்தான். 37 டிகிரியில் ஓடும் தானியங்கி இயந்திரத்தில் இந்தக் கோடு மறைந்துவிடக்கூடும். வேறு வேலைக்குச் செய்த சாயம், தவறான இடத்தில் ஏறியே சரியான பெயரைச் சொல்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

மெடுல்லரி புற்றுநோயும் இந்த ஜாடையில் வரலாம். அது கால்சிடோனின் சுரக்கும் சி-செல்களில் தோன்றுவது. கால்சிடோனின் சாயம் ஏறி, தைரோகுளோபுலின் ஏறாவிட்டால் சந்தேகம் தீரும். இங்கே தவறினால் நஷ்டம் பெரிது: சி-செல் அயோடினை இழுக்காது, ஆகவே கதிரியக்க அயோடின் வீண். ஏறத்தாழ கால்வாசி நோயாளிகளுக்கு இது பரம்பரை வழி வருவது என்பதால் வீட்டாருக்கும் ரெட் மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

பாப்பில்லரிக்கு எச்பிஎம்இ-1, கேலக்டின்-3, சிகே19 என்ற மூன்று ஆன்டிபாடிச் சாயங்களையும் சேர்த்துப் போடுவது வழக்கம். தனியாக ஒன்றை நம்புவது ஆபத்து. நாள்பட்ட அழற்சியுள்ள சாதாரணத் தைராய்டில்கூட சிகே19 ஏறும்.

ஒரு ஃபாலிக்குலர் கட்டி சாதுவான அடினோமாவா, புற்றான கார்சினோமாவா என்ற கேள்விக்கு இவை எதுவும் தீர்ப்பு சொல்லாது. இரண்டிலும் செல் ஒன்றுபோலவே இருக்கும். கட்டி தன் உறையைத் துளைத்ததா, ரத்தக்குழாய்க்குள் புகுந்ததா என்பதுதான் வித்தியாசம். சிடி31 போட்டால் குழாய்ச் சுவர் பளிச்சென்று தெரியும், அவ்வளவே. மீண்டும் ஃபார்மலின் டப்பாவைத் திறந்து, மிச்சமுள்ள உறை முழுவதையும் வெட்டி பிளாக் போட வேண்டியதுதான்.