முதுகுக்கும் உண்டு தேய்மானம்

காலை எட்டரை மணிக்குத் திருப்பூரின் பனியன் நிறுவனங்களில் தையல் இயந்திரங்கள் ஓடத் தொடங்குகின்றன. ஆர்டர் நெருக்கும் நாள்களில் 'ஒன்றரை ஷிப்ட்' என்ற பெயரில் இரவு எட்டரை மணி வரை அவை ஓய்வதில்லை. ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களின் முன்னே, சாய்மானம் இல்லாத முக்காலியில், கழுத்தைத் தாழ்த்தி முன்வளைந்து அமர்ந்திருப்போர் ஆயிரம் ஆயிரம் பேர். செக்கிங் மேஜையிலும் அயர்ன் மேஜையிலும் இருப்பவர்களுக்கோ நாள் முழுவதும் நின்றபடியே வேலை.

ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி வருவாய் ஈட்டும் நகரத்தின் முதுகெலும்பு என்று இத்தொழிலாளர்களைப் புகழ்வது மேடை வழக்கம். அந்த முதுகெலும்பு வலிக்கிறது என்பதை மேடைகள் பேசுவதில்லை.

உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடி பேர் கீழ்முதுகு வலியால் அவதியுற்றனர் என்றும், 2050-இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. மனிதர்களை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். இத்தகைய வலியில் ஏறத்தாழ 90 சதவீதம், குறிப்பிட்ட நோயோ எலும்பு முறிவோ காரணமாக அமையாத வலி என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டுகளுக்கு, வளர்ந்தவர்களிடம் நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. உடல் அசையும்போது ஏற்படும் அழுத்த மாறுதல்களே அவற்றுக்கு ஊட்டம் சென்றடைய உதவுகின்றன. ஒரே நிலையில் மணிக்கணக்கில் வளைந்து அமர்ந்தால் அந்த ஊட்டம் குறைகிறது. உடலைத் தாங்கி நிற்கும் தசைகள் இறுகிக் களைக்கின்றன. அதிக உழைப்பு மட்டுமல்ல, அசைவற்ற உழைப்பும் முதுகின் பகை.

வலி வந்தவுடன் நம்மவர்கள் நாடுவது மூன்று: மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை, இடுப்பில் ஒரு பெல்ட், வீட்டில் படுக்கை. நாள்பட்ட கீழ்முதுகு வலி குறித்து 2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பட்டைகளை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அது வலியுறுத்துவது முறையான உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய தெளிவையும்தான். நீண்ட படுக்கை ஓய்வு தசைகளை மேலும் பலவீனப்படுத்தும் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

இங்குதான் யோகாசனம் பொருத்தமாகிறது. பாஸ்டன் நகரில், பெரும்பாலும் குறைந்த வருவாய்ப் பிரிவைச் சேர்ந்த 320 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 12 வார யோகப் பயிற்சி இயன்முறை சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்தது. அதன்பின் வீட்டிலேயே பயிற்சியைத் தொடர்ந்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் அப்பலன் நிலைத்திருந்தது.

ஆனால், மிகைப்படுத்துதல் அறிவுடைமை ஆகாது. 21 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, எந்தப் பயிற்சியும் செய்யாதிருப்பதைவிட யோகம் ஓரளவு நன்மை தருகிறது என்றும், பிற முதுகுப் பயிற்சிகளுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றும் கூறுகிறது. யோகம் மந்திரமன்று, செலவில்லாத, ஒரு பாய் விரிக்கும் இடத்தில் செய்யக்கூடிய நல்ல பயிற்சி. வாடகை அறையில் வாழும் தொழிலாளிக்கு அதுவே பெரிய வசதி.

தொடங்குவதற்கு 15 நிமிடங்கள் போதும். உள்ளங்கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது முதுகைத் தாழ்த்தியும் விடும்போது உயர்த்தியும் செய்யும் மார்ஜாரி ஆசனம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து இடுப்பை மெல்ல உயர்த்தும் சேதுபந்தாசனம். குப்புறப் படுத்து மார்பைச் சிறிதே உயர்த்தும் புஜங்காசனம். நிறைவாக முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைத்துச் சவாசனம். முதலில் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் சில நாள் கற்பது நல்லது. வலி இருக்கும்போது பச்சிமோத்தாசனம், ஹலாசனம் போன்ற முன்வளையும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். காலில் மரத்துப்போதலோ பலவீனமோ, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தலோ, காய்ச்சலோ, காரணமற்ற எடைக் குறைவோ, விழுந்து அடிபட்ட பின் வந்த வலியோ இருந்தால், ஆசனத்துக்கு முன் மருத்துவரைக் காண்பது கட்டாயம்.

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால், பொருளாதாரம் கற்பித்தவனுக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த 15 நிமிடங்கள் எங்கே இருக்கின்றன? இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்து, பேருந்து ஏறி வீடு சேர்ந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, மறுநாள் விடியலில் குழந்தைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் பெண்ணிடம் "தினமும் யோகா செய்யுங்கள்" என்பது அறிவுரையா, குற்றச்சாட்டா?

உடல்நலமும் ஒரு மூலதனம். அது தேயும், அதைப் பேண நேரமும் பணமும் முதலிட வேண்டும் என்ற கோட்பாட்டை 1972-இல் மைக்கேல் கிராஸ்மன் முன்வைத்தார். தையல் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடிகிறது. அதன் முன் அமர்ந்திருப்பவரின் முதுகுத் தேய்மானம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அதைத் தொழிலாளியே ஏற்கிறார். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 சதவீத ஊதியம் உண்டு. ஒப்பந்ததாரரிடம் 'பீஸ் ரேட்'டில், பதிவேட்டில் பெயரின்றி உழைப்பவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு விடுப்பு நாள் என்பது கூலியில்லா நாள்.

கடைகளில் நின்றே வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் நின்று உழைப்போர் அமர்வதற்கான வசதியைப் பற்றிப் பேசியது. இருந்தே உழைப்பவருக்கு எழுந்து நிற்கும் உரிமை பற்றி நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த சட்டத்திருத்தம், எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. எனினும், ஒன்றரை ஷிப்ட் நடைமுறையில் தொடர்கிறது.

செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. முதுகுச் சாய்மானமும் உயரத்தை மாற்றும் வசதியும் கொண்ட இருக்கை, ஆளுக்கு ஏற்ற மேஜை உயரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து உடலை நீட்டி நிமிர்த்தும் இடைவேளை, வேலை நேரத்துக்குள்ளேயே ஊதியத்துடன் கூடிய பயிற்சி ஆகியவற்றை நிறுவனங்கள் சலுகையாகக் கருதாமல் பராமரிப்புச் செலவாகக் கருத வேண்டும். இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் நேரத்தை யாரும் வீண் என்பதில்லையே.

நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறி. முதுகுவலிக்கு வீட்டில் விரிக்கும் பாய் ஒரு பாதி மருந்து. மறுபாதி, பனியன் நிறுவனத்தின் முக்காலியிலும் கடிகாரத்திலும் இருக்கிறது.