எந்தக் கருவிக்குத் தனி லைன் வேண்டும்?



நமது கயத்தாறைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்காமல் சுழல்கின்றன. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசு காற்றாலைகளை நிறுவிய காலம் தொட்டு, காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதில் நமது பக்கத்துக்குப் பெயர் உண்டு. ஆனால் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானாலும், நமது கடைக்குள் அது வருவது ஒரு மெல்லிய ஒயர் வழியாகத்தான். அந்த ஒயர் எவ்வளவு தாங்கும் என்று நம்மில் பலர் பார்ப்பதில்லை. நாமும் பார்க்காமல்தான் இருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி வாரம். நமது கடையில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட பழைய லைனிலேயே ஃப்ரீசரையும், மிளகாய், மல்லி அரைக்கும் மெஷினையும் மாட்டியிருந்தோம். பியூஸ் அடிக்கடி போயிற்று. கடைப் பையன் மூன்று இழைக் கம்பியை முறுக்கிப் போட்டான். வியாபாரம் நிற்கவில்லையே என்று நாமும் சும்மா இருந்துவிட்டோம். மறுநாள் இரவு ஷட்டரை இழுக்கும் நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. சாக்குகளை நகர்த்திப் பார்த்தால் பிளக் உருகிக் கிடந்தது. ஒரு முழ தூரத்தில் எண்ணெய் டின்கள். பத்து நிமிடம் முந்திப் பூட்டியிருந்தால், நாற்பது ஆண்டு உழைப்பு ஓர் இரவில் போயிருக்கும்.

கணக்கு எளியது. வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். விளக்கும் விசிறியும் 600 வாட், ஃப்ரீசர் 300, மெஷின் 1,000. மொத்தம் 1,900 வாட், அதாவது 8 ஆம்பியருக்கு மேல். நமது லைனோ 5 ஆம்பியருக்குப் போட்டது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பியூஸ் போவது தொல்லையல்ல, எச்சரிக்கை. பியூஸும் எம்.சி.பி.யும் காப்பது ஒயரை. ஒயரை மாற்றாமல் பெரிய பியூஸ் போடுவது, காவல்காரனைத் தூங்க வைப்பதற்குச் சமம்.

வயரிங் தொழிலில் நெடுநாளாக வழங்கும் விதி இது: விளக்கு, விசிறி லைன் ஒன்றுக்கு 10 பாயிண்ட், 800 வாட் வரை. பவர் லைன் ஒன்றுக்கு இரண்டு பிளக் பாயிண்ட், 3,000 வாட் வரை. இதை வைத்துப் பார்த்தால் தனி லைன் தேவைப்படுபவை:

ஏ.சி.: கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுவது நல்லது.

கீசர்: 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3,000 வாட் என்றால் 13.

தண்ணீர் மோட்டார், மசாலா மெஷின்: இவையும் கிளம்பும்போது மிகுதியாக இழுப்பவை.

இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், தண்ணீரைச் சூடாக்கும் வாஷிங் மெஷின்: ஒன்றுக்கொன்று சேர்க்க வேண்டாம்.

ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ்: இழுப்பது குறைவுதான். ஆனால் வேறு கருவியின் பழுதால் இரவில் லைன் விழுந்தால், காலையில் பாலும் தயிரும் குப்பைக்கு. ஆகவே தனி லைன்.

மிக்ஸி, டி.வி., எலக்ட்ரானிக் தராசு, கம்ப்யூட்டர் ஆகியவை சேர்ந்திருக்கலாம். ஆனால் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃப்ரீசரையோ ஏ.சி.யையோ மாட்டாதீர்கள்.

எர்த் மிக முக்கியம். நமது கரிசல் மண் கோடையில் வெடித்துக் காய்ந்துவிடும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்து நண்பர்களுக்கு உப்புக் காற்று வேறு. அதில் திருகாணி அரித்துத் தளர்ந்தால் அந்த இணைப்பே சூடாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவியையும் பொருத்திவிட்டால் உயிருக்குப் பாதுகாப்பு.

தனி லைன் வேண்டும் என்று மாடி வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு ஒயர் இழுப்பவர்கள் உண்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற உபயோகம்; இரு மடங்கு கட்டணம் கணக்கிடப்படும். லோடு போதாவிட்டால் முறையாக விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்வதே லாபம்.

தீ இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். வழக்கமான தீ பாலிசியில், ஷார்ட் சர்க்யூட்டால் கெட்ட அந்தக் கருவிக்கே இழப்பீடு கிடையாது. அங்கிருந்து பரவிய தீ அழித்த சரக்குக்குத்தான் உண்டு. அந்தச் சரக்குக்குப் பணம் வந்தாலும், கடை மூடிக் கிடக்கும் நாட்களில் வாடிக்கையாளர் வேறு கடை பழகிவிடுவார்.

2018 பிப்ரவரி 2 இரவு, மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. பூட்டிய கடைக்குள் பிடிக்கும் தீயை யாரும் உடனே காண்பதில்லை.

ஆகவே வரும் விடுமுறை நாளில் உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து, ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பாருங்கள். எதை இறக்கினால் எது நிற்கிறது என்று போர்டில் எழுதி ஒட்டுங்கள். இரவில் ஃப்ரீசர் லைன் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை இறக்கிவிட்டுப் பூட்டுங்கள். நாம் இப்போது அப்படித்தான் செய்கிறோம், நிம்மதியாகத் தூங்குகிறோம்.