கைக்குழந்தைக்கு ஒரு பை

தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் மாணாக்கன் குழந்தையின் துணிப்பையைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். ஆயினும் செல்வர் முதல் வறியர் ஈறாக யாவர் இல்லத்தும் பிள்ளை பிறத்தலும், அப்பிள்ளையோடு வெளிச்செல்லுதலும் நிகழ்கின்றன. அன்றியும், இப்பொருளில் யான் கற்ற பாடம் ஏட்டினின்றும் வந்ததன்று. இரயில் வண்டியில் வந்தது.

கடந்த கோடை விடுமுறையில் என் தமக்கையாரோடும் அவருடைய ஆறு திங்கட் பிள்ளையோடும் திருநெல்வேலியினின்று மதுரைக்குச் சென்றேன். பிள்ளைக்குரிய பொருள்கள் யாவும் ஒரு கட்டைப்பையில் இருந்தன. வண்டி கோவிற்பட்டியைக் கடந்தபின் தமக்கையார் பிள்ளையை என் மடியில் விட்டு முகங்கழுவச் சென்றனர். சென்ற அளவிலே மருகன் தன் டயப்பரையும் என் ஆடையையும் ஒருங்கே நனைத்து அழத் தொடங்கினன். இடக்கையால் அவனை அணைத்துக்கொண்டு வலக்கையாற் பையைத் துழாவினேன். முறுக்குப் பொட்டலம் வந்தது; தமக்கையாரின் சேலை வந்தது; கிலுகிலுப்பை வந்தது; டயப்பர் வந்திலது. மூடி நெகிழ்ந்த தண்ணீர்ப் புட்டியோ மாற்றுச் சட்டைகள் அனைத்தையும் நனைத்திருந்தது. எதிரே இருந்த மூதாட்டியார் ஒருவர் தம் துண்டினை ஈந்து என் மானங் காத்தனர். திரும்பி வந்த தமக்கையார், பையை நோக்காமலே கையை விட்டு டயப்பரை எடுத்தனர்.

அப்பொழுது ஓர் உண்மை புலனாயிற்று. அப்பையின் ஒழுங்கு தமக்கையாரின் நினைவில் இருந்ததேயன்றிப் பையில் இல்லை. ஆதலின் பிள்ளையைப் பேணும் பொறுப்பு முழுதும் அவரையே சார்ந்தது. சிறிது பொழுது விலகியிருத்தற்கும் அவர்க்கு வழியில்லை. எனவே, நற்பைக்கு இலக்கணம் யாதெனின், பிள்ளையை ஏந்தியவர் தாயாயினும் தந்தையாயினும் மாமனாயினும், எஞ்சிய ஒரு கையால் வேண்டியதை உடனே எடுத்தற்கு ஏற்றதாதல் என்க.

இனி, நம் நாட்டில் வழங்கும் பைகளை இவ்விலக்கணங் கொண்டு ஆராய்வோம். கட்டைப்பை வாயகன்றது, விலை குறைந்தது, ஆயின் உள்ளே தடுப்பின்மையால் ஈரமும் உலர்ந்ததும் ஒன்றாய்விடும். ஒயர்க்கூடை நிமிர்ந்து நிற்கும், கழுவுதற்கும் எளிது, ஆயின் மூடியின்மையால் தூசியும் மழையும் புகும். இவ்விரண்டும் ஒரு கையை முற்றும் பற்றிக்கொள்வன. தோட்பை கையை விடுவிக்கும்; எனினும் குனியுந்தோறும் நழுவும். முதுகுப்பை பாரத்தை இரு தோள்களுக்கும் பகிர்ந்து கைகளிரண்டையும் விடுவித்தலின், பேருந்திலும் இரயிலிலும் செல்வார்க்கு அதுவே சிறந்தது.

ஆயினும் நாம் புத்தகஞ் சுமக்கும் பை இதற்கு உதவாது. வாய் அகலத் திறத்தல், கீழே வைத்தால் சாயாது நிற்றல், உட்புறம் ஈரம் ஊறாததாய் வெளிர்நிறம் உடையதாதல், புட்டி நிமிர்ந்து நிற்க வெளியே ஓர் உறை இருத்தல், ஈரத்துணிக்கெனத் தனியறை இருத்தல் என்னும் ஐந்தும் வேண்டும். வெறும்பையே கனமாயின் அதனை விடுக. கடையிலேயே ஒரு கையால் ஜிப்பினைத் திறந்து மூடிப் பார்த்து வாங்குக.

பையினுள் வைப்பனவற்றுக்கும் ஓர் அளவுண்டு. வெளியிலிருக்கும் பொழுதினைக் கணக்கிட்டு, 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒன்றாக டயப்பரும், அதற்கு மேல் இரண்டும் வைக்க. ரப்பர் ஷீட் ஒன்று, மாற்றுச் சட்டை இரண்டு, பழைய வேட்டியிற் கிழித்த மெல்லிய துணி சில ஆகியன போதும். கழற்றிய டயப்பரைத் தாளிற் சுற்றிக் குப்பைத்தொட்டியில் இடுக. சன்னல் வழியே எறிதல் தகாது. அதனைப் பாதுகாப்பாகச் சுற்றியே கொடுத்தல் வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் பணித்தன.

பாலைப் பற்றியும் கூறுதல் வேண்டும். பிறந்து ஆறு திங்கள் வரை தாய்ப்பாலொன்றே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தார் கூற்று. தாய்ப்பாலையே உண்ணும் பிள்ளை தாயோடு செல்லுங்கால் புட்டியே வேண்டுவதன்று. பால் பவுடர் உண்ணும் பிள்ளையாயின், கரைத்த பாலை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுத்தலாகாது. ஆதலின் பவுடரை உலர்ந்த டப்பாவிலும், கொதித்த நீரைப் பிளாஸ்கிலும் தனித்தனியே கொண்டுசென்று, வேண்டும்பொழுது கரைத்து, ஆற்றிக் கொடுக்க. கரைக்குங்கால் நீரின் வெப்பம் 70 பாகை செல்சியசுக்குக் குறைதல் கூடாது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழவிப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். செங்கீரை ஆடும் பிள்ளைக்கு வேண்டியன வேறு. தளர்நடையிட்டு வரும் பிள்ளைக்கு வேண்டியன வேறு. ஆதலின் திங்கள்தோறும் பையைக் கவிழ்த்து, சிறுத்துப்போன சட்டைகளை நீக்குதல் நன்று.

மதுரையினின்று மீண்டதும் அத்தகைய முதுகுப்பை ஒன்று வாங்கினோம். சில திங்களுக்குப்பின் தமக்கையார் அரசுத் தேர்வு ஒன்று எழுதச் சென்றனர். தேர்வுக்கூடத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் அத்தானும் யானும் மூன்று மணி நேரம் பிள்ளையோடு இருந்தோம். இருமுறை டயப்பர் மாற்றினோம்; ஒருமுறை சட்டை மாற்றினோம். வெளியே வந்த தமக்கையார் முதற்கண் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "அழுதானா?" என வினவினர். அழுதான் என்றும், தேடி எடுக்கவேண்டிய பொருள் ஒன்றும் இருந்ததில்லை என்றும் கூறினேம்.