மின்சாரக் காரும் மாதக் கணக்கும்

பெற்றோல் செலவு ஒழிந்தது என மகிழ்ந்து மின்சாரக் கார் வாங்குவோர் நம்மிடையே உளர். வீட்டில் அதற்கு மின்னேற்ற ஆகும் செலவையும் முன்னரே அறிதல் நன்று. அக்கணக்குக் கடினமன்று.

நிசான் லீஃப் காரின் முதல் வடிவத்திலுள்ள பற்றரி, புதிதில், 24 அலகு மின்சாரம் கொள்வது. கால்பங்கு எஞ்சியிருக்கையில் நிரப்பத் தொடங்கினால் வேண்டுவது 18 அலகு. ஏற்றும்போது பத்திலொரு பங்கு வெப்பமாய் வீணாகுமெனக் கொண்டால், மின்மானி 20 அலகு காட்டும். மாதம் பத்து முறையெனில் 200 அலகு.

இதனைச் சராசரி விலையால் பெருக்குதல் தவறு. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாய் உயர்வது. 180 அலகைக் கடந்தவற்றுக்கே உச்ச விலை. முன்பு 90 அலகு செலவிட்ட வீடு 290 அலகை எட்டுங்கால், அவற்றுள் 110 உச்சப்படியில் விழும்.

இதற்கு மாற்றும் உண்டு. விண்ணப்பித்துப் பெறும் நேரவாரிக் கட்டண முறையில், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு. மணிக்கு மூன்று அலகு வீதம் ஏற்றினால், அவ்வேழு மணிக்குள் 20 அலகும் சேர்ந்துவிடும். ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரை எரியும் விளக்குக்கும் சுழலும் விசிறிக்கும் விலை மிகும். ஆகவே, காரை மட்டுமன்றி வீட்டின் மாலைப்பொழுதையும் சேர்த்தே கணக்கிடுக.