மெட்ஃபார்மின் என்னும் சுகர் மாத்திரை

இரண்டாம் வகை நீரிழிவுக்கு உலகெங்கும் மிக அதிகமாக எழுதித் தரப்படும் மருந்து மெட்ஃபார்மின். தமிழ்நாட்டில் ஒருவர் ‘சுகர் மாத்திரை’ என்று பொதுவாகச் சொன்னால், பெரும்பாலும் இதையோ இது கலந்த கூட்டு மாத்திரையையோதான் சொல்கிறார். வெள்ளை நிறம், நீள்வட்ட வடிவம், மற்ற மாத்திரைகளைவிடச் சற்றுப் பெரிய உருவம். அட்டையைக் கிழித்ததும் சில நேரம் லேசான மீன்வாடை அடிக்கும். மருந்து கெட்டுவிட்டதென்று நினைத்துச் சிலர் அதைத் தூக்கிப் போடுவதும் உண்டு. தயாரிப்பின்போது மிஞ்சும் டைமெத்தில் அமீன் என்ற வேதிப்பொருளின் சிறு தடயமே அந்த வாடைக்குக் காரணம்; மருந்து கெட்டதற்கு அது அடையாளமில்லை.

இதன் பூர்வீகம் ஒரு செடி. காலேகா அஃபிசினாலிஸ் என்பது தெற்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் புழங்கிய இது, ஆடுகள் அதிகம் மேய்ந்தால் அவற்றைக் கொல்லும் நஞ்சும்கூட. அதிலுள்ள காலேஜின் என்ற பொருள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். அதே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922இல் டப்ளினில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்ற இருவர் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அதற்கு நேரம் சரியில்லை. அதே ஆண்டு ஜனவரியில்தான் டொரோண்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டிருந்தது. உலகம் முழுதும் இன்சுலின் பக்கம் திரும்பிவிட, மெட்ஃபார்மினைச் சீந்துவாரில்லை. அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1957இல் முடிவுகளை வெளியிட்டவர் பிரான்ஸின் ழான் ஸ்டெர்ன்.

அப்போதும் அது முதலிடத்துக்கு வரவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் அதைவிட வீரியமாக வேலை செய்தது. மருத்துவர்களும் அதையே விரும்பினார்கள். ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கி உயிருக்கே ஆபத்தானது. அமெரிக்கா 1977இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தது. இந்தியாவில் 2003இல்தான் தடை வந்தது. அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியும் பழி சுமந்தான்: ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் புழங்கிய மெட்ஃபார்மினுக்கு, அமெரிக்காவில் 1994 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. நான்கு ஆண்டுகளில் காட்சி மாறியது. 1998இல் வெளியான பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வில், உடல் எடை அதிகமுள்ள நோயாளிகளில் மெட்ஃபார்மின் கொண்டு சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு, வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டு முறையில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகள் பல உண்டு; ஆயுளையும் சேர்த்துக் காட்டிய மருந்து அப்போது அரிது. அதன் பிறகே சிகிச்சை வழிகாட்டிகளில் அது முன்வரிசைக்கு வந்தது.

இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சுகர் நோயாளிகளின் வழக்கமான ஒரு புலம்பலே நல்ல தொடக்கம்: “ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில வெறும் வயித்துல 180 காட்டுது.” அந்தச் சர்க்கரை இட்லியிலிருந்து வந்ததல்ல; கல்லீரல் தயாரித்தது. சாப்பிடாத நேரத்தில் மூளையும் மற்ற உறுப்புகளும் பட்டினி கிடக்காமலிருக்கக் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடும். போதுமான அளவு வந்ததும் நிறுத்தும்படி இன்சுலின் சொல்லும். இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரல் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. தேவைக்கு மேல் தயாரித்துக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் கல்லீரல் செல்களுக்குள் புகுந்து, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துகிறது. புதிதாகக் குளுக்கோஸ் செய்வதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். அது குறைந்ததும் உற்பத்தியும் குறைகிறது.

குடலிலும் அதற்கு வேலை உண்டு. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவரின் குடல்சுவர் குளுக்கோஸை அதிகமாக இழுத்துக்கொள்ளும். பெட் ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களிடம் இரண்டு நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சில மையங்கள் சொல்வது இதனால்தான். இல்லாவிட்டால் ஸ்கேன் படத்தில் குடல் முழுதும் பளிச்சென்று ஒளிர்ந்து, அங்கே கட்டி இருந்தால்கூட மறைந்துவிடும்.

கணையத்தைக் கசக்கி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வேலையை இது செய்வதில்லை. எனவே தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வருவது அரிது, எடையும் கூடாது. ‘சுகர் மாத்திரை போட்டேன், கை நடுங்கி வியர்த்துவிட்டது’ என்பவர் பெரும்பாலும் கூட்டு மாத்திரை சாப்பிட்டவராகவோ, இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ இருப்பார்.

இங்கேதான் மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். பக்கத்தில் ‘ஜி1’, ‘ஜிபி2’, ‘எம்2’, ‘வி’ என்று ஏதாவது எழுத்தும் எண்ணும் ஒட்டியிருக்கும். இந்த எழுத்துகளுக்குப் பொதுவிதி கிடையாது. ஒரு கம்பெனி ‘ஜி’ என்று போடுவது கிளிமிபிரைடு சேர்ந்திருப்பதைச் சொல்ல. இன்னொரு கம்பெனி கிளிமிபிரைடின் பெயரில் மாத்திரையை விற்று, மெட்ஃபார்மின் கலந்திருப்பதைச் சொல்ல ‘எம்’ போடும். பின்னால் வரும் 1, 2 என்பவை பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம் அளவு. இந்தக் கிளிமிபிரைடுதான் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது. மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடத் தவறினால் சர்க்கரையைத் தடாலென்று இறக்குவதும் அதுவே. கடைக்காரர் ‘1 இல்லை, 2 இருக்கிறது, ஒன்றுதான்’ என்று மாற்றிக் கொடுத்தால் அந்தப் பகுதி இரட்டிப்பாகிவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, ‘ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரிகளைத்தான் பார்க்க வேண்டும். படிக்கச் சிரமமான எழுத்து அது. கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்ப்பது எளிது.

அட்டையில் அடிக்கடி தென்படும் இன்னொரு குறி ‘எஸ்ஆர்’ அல்லது ‘எக்ஸ்ஆர்’. மருந்தைச் சிறிது சிறிதாகப் பல மணி நேரத்துக்கு வெளிவிடும்படி செய்த மாத்திரை என்று பொருள். இதைக் கடித்தோ பொடித்தோ சாப்பிட்டால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். சில எஸ்ஆர் மாத்திரைகளின் கூடு கரையாமல் மலத்தோடு முழுசாக வெளியேறுவதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து உள்ளே இறங்கிவிட்டது. வெளியே வந்தது வெறும் கூடு.

பக்கவிளைவுகளில் முதலில் தெரிவது வயிற்றுக் கோளாறு. குமட்டல், வாயில் உலோகச் சுவை, வயிற்றுப் பொருமல், பேதி. முதல் சில வாரங்களில் பலருக்கும் ஏதாவது ஒன்று வரும். பெரும்பாலோருக்குத் தானே அடங்கும். இதற்காகத்தான் மருத்துவர்கள் 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள், சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதவர்களை எஸ்ஆர் வகைக்கு மாற்றுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டுப் பேதியாகி, ‘எனக்கு இது சேராது’ என்று முடிவுகட்டியவர்களில் பலருக்கு மருந்து சேராமல் போகவில்லை; நேரமும் அளவும்தான் சேரவில்லை.

இரண்டாவது விளைவு ஓசைப்படாமல் வருவது. மெட்ஃபார்மின், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பதால் குறைபாடு உடனே வெளிப்படாது. நாலைந்து ஆண்டுகள் கழித்துப் பாதம் மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும், சோர்வு, மறதி, ரத்தசோகை வரும். சிக்கல் என்னவென்றால், நீரிழிவே நரம்பைக் கெடுத்து இதே மரத்துப்போதலை உண்டாக்கும். ‘சுகர்ல கால் மரக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிட்டால், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடிய ஒரு குறை நிரந்தரச் சேதமாகிவிடலாம். பி12 இயல்பாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில். மரக்கறி உணவுக்காரர்களுக்கு இருப்பே குறைவு. அதோடு காலையில் எழுந்ததும் ‘கேஸ் மாத்திரை’ என்று பேன்டோப்ரசோலும் ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். அந்த மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைக்கும்; அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிவதும் குறையும்.

மூன்றாவதுதான் ஃபென்ஃபார்மினைக் கவிழ்த்த லாக்டிக் அமிலத் தேக்கம். மெட்ஃபார்மினில் இது மிக அரிது. ஓராண்டில் ஒரு லட்சம் பேர் சாப்பிட்டால் பத்துப் பேருக்கும் குறைவாகவே வருகிறது. வந்தால் உயிரைப் பறிக்கக்கூடியது. மைட்டோகாண்ட்ரியாவை மட்டுப்படுத்துவதால் கிடைக்கும் நன்மையின் மறுமுனைதான் இது: மருந்து அளவுக்கு மீறிச் சேர்ந்தால், லாக்டிக் அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்றும் கல்லீரலின் வேலை அடைபட்டு அமிலம் தேங்கும். கடும் வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, தாங்க முடியாத அசதி ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து ஏன் அளவுக்கு மீறிச் சேர்கிறது? பெரும்பாலான மருந்துகளைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும். மெட்ஃபார்மின் அப்படிச் சிதைவதில்லை. உள்ளே போன உருவிலேயே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பிலேயே தங்கும். ‘சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்’ என்ற பரவலான பயம் இந்த உண்மையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. கெட்டபின் மருத்துவர் மெட்ஃபார்மினைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். பார்ப்பவருக்கு மாத்திரைதான் குற்றவாளியாகத் தெரிகிறது. இந்தப் பயத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு, சர்க்கரையை ஏறவிட்டு, பயந்த அதே இடத்துக்கே வந்து சேர்கிறவர்கள் ஏராளம்.

சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் எண், கிரியேட்டினின் பரிசோதனையோடு வரும் ‘இஜிஎஃப்ஆர்’. அது 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 30க்கும் 45க்கும் இடையில் இருந்தால் வழக்கமாக அளவைக் குறைப்பார்கள். புதிதாகத் தொடங்க மாட்டார்கள். நிரந்தரக் கோளாறு இல்லாதவருக்கும் சிறுநீரகம் சில நாள் தடுமாறக்கூடும். கடும் வாந்தியும் பேதியும் வந்து உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது இதனால்தான். குணமானதும் மருத்துவரைக் கேட்டு மீண்டும் தொடங்கலாம். பெரிய அறுவை சிகிச்சையின்போதும், சிறுநீரகச் செயல்பாடு ஏற்கனவே குறைந்தவருக்கு ஆஞ்சியோகிராம், சிடி ஸ்கேன் ஆகியவற்றுக்காக அயோடின் மருந்து ஏற்றும்போதும் இதே எச்சரிக்கை உண்டு. அளவு மீறிய குடி கல்லீரலையும் சேர்த்து முடக்குவதால் இந்த மாத்திரைக்குப் பகை.

நீரிழிவு வருவதற்கு முந்தைய நிலையிலும் மெட்ஃபார்மின் ஆராயப்பட்டிருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். எந்த ஏற்பாடும் செய்யாத பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்த பிரிவில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்ட பிரிவில் 40 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. இதைத் தவிர, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையுள்ள பெண்களுக்கும் இந்த மாத்திரை எழுதப்படுகிறது. எனவே ஒரு பெண்ணின் மருந்துச்சீட்டில் மெட்ஃபார்மின் இருப்பதைப் பார்த்து அவருக்குச் சுகர் என்று முடிவுகட்டக் கூடாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெட்ஃபார்மின் இருக்கிறது, விலையும் மலிவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை தேடி வருகிறதென்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலைந்து ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களும், கால் மரத்துப்போகிறவர்களும் பி12 அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.